பத்து நிமிசம்

கணக்குக் கொப்பி என்னிடம் இருப்பதால்
நானே சொல்கிறேன்.

கண்ணாடி இரண்டுக்கும் காசு போகவில்லை.
கட்டுவன் சந்தியில் படத்துக்குச் சட்டம் போடுகிறவர் தந்தார்.
செத்தவர்களின் அளவில் வெட்டி வைத்தது,
பதினாறுக்கு இருபது.
"இதுக்கு மாலை ஆணி அடிக்கத் தேவையில்லை" என்றார்.
பகிடியா என்று தெரியாமல்
எல்லோரும் கொஞ்சம் பிந்திச் சிரித்தோம்.

தேக்கு வாங்க வழியில்லை.
வாசிகசாலையின் பழைய பேப்பர் ஸ்ராண்டைக் கழற்றி
கஜவதனன் சீவி இழைத்தான்.
கண்ணாடிகளுக்கு நடுவே இடைவெளி கூடினால்
குறுக்கே அடை கட்டிவிடும்,
குறைந்தால் பூச்சி நசியும்.
மூன்று தரம் கழற்றிப் பூட்டினான்.
யன்னலுக்கு வெளியே ஒரு முழம் பிளாஸ்டிக் குழாய்,
அதுதான் அவற்றுக்குப் படலை.

இதற்கிடையில் பிரதேச சபைக்கு ஒரு பெட்டிசம் போனது.
பிள்ளைகள் வாசிக்கிற இடத்தில்
கொட்டுகிற சாமான் எதற்கு என்று.
பதினொரு கையெழுத்து.
ஒன்று என் அப்பாவுடையது.

முதல் கூட்டம் நாலு நாள் நின்றது.
எல்லோரும் பார்க்கத்தானே செய்தோம்,
எல்லோரும் பார்த்தார்கள்.
ரோச் லைற் அடித்தார்கள். கண்ணாடியைத் தட்டினார்கள்.
"ராணி எது, ராணி எது" என்று
இரவு எட்டு மணிக்கும் ஒருவர் வந்தார்.
மூடுபலகையைச் சாத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை.
ஐந்தாம் நாள் விடிய
வெறும் அடை.
இருந்த தேனையும் குடித்துவிட்டுப் போயிருந்தன.

ஊரோடு எழும்பிப் போவதைப் பற்றி
இந்த ஊருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.
பகலும் இரவும் ஒரு வெளிச்சம் முகத்தில் அடிப்பதைப் பற்றியும்தான்.
இந்தமுறை ரோச்சைப் பிடித்திருந்தது நாங்கள்.

பிறகுதான் பத்து நிமிசச் சட்டம் வந்தது.
கம்சிகா பலகையில் சிவப்பு பெயின்றால்
"பார்க்கவும்" என்று எழுதி
அதற்குக் கீழே "சாத்தவும்" என்று
இரண்டு மடங்கு பெரிதாக எழுதினாள்.

இரண்டாம் கூட்டம்
பள்ளிக்கூடத் தண்ணி மீற்றர்ப் பெட்டிக்குள் கிடந்தது.
அடையை வெட்டி, வாழைநாரால் சட்டத்தோடு கட்டினோம்.
எனக்கு ஏழு கொட்டு, ஒன்று கண் இமையில்.
கொப்பியில் இருக்கிறது:
சுண்ணாம்பு, இருபது ரூபா.

வாழைநாரை அவை கடித்துக் கடித்து
தும்பு தும்பாய்க் குழாய்வழி வெளியே தள்ளின.
அதைப் பார்த்த பிறகுதான்
நிற்கும் என்று நம்பினோம்.

சித்திரை கழிந்த ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணி.
ஒரு பூச்சி அடையின்மேல்
வயிற்றைக் குலுக்கிக்கொண்டு நேர்கோட்டில் ஓடியது,
சுற்றி வந்தது, திரும்ப அதே கோடு.
கம்சிகா கொம்பாஸ் பெட்டியைத் திறந்து
பாகைமானியைக் கண்ணாடியில் வைத்தாள்.
மேல் நோக்கி ஆடினால் சூரியன் பக்கம்.
இது மேலிலிருந்து இடப்பக்கம் தொண்ணூறு.
சூரியன் கிழக்கில்.
அப்படியென்றால் வடக்கு.
நான் செக்கன் எண்ணினேன்.
அறுநூறு மீற்றர் வரும், கூடக்குறைய.

கம்பி வேலி முன்னூறில்.

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.
அங்கால் கஜவதனன் வீட்டுக்காரருக்கு
மூன்று பரப்பு ஒன்பது குழி இருக்கிறது.
அவன் பிறந்தது முகாமில்.
உறுதியில் எழுதிய நான்கு எல்லையைத் தவிர
அந்தக் காணியைப் பற்றி
அவனுக்கு ஒன்றும் தெரியாது.

இன்னொன்று குழாய்வழி வந்து இறங்கியது.
பின்னங்காலில் வெளிர்மஞ்சள் உருண்டை.
"வேம்பு" என்றாள் கம்சிகா.
"முருங்கை" என்றேன் நான்.
எங்கள் இரண்டு பேருக்கும் நிச்சயமில்லை.
கஜவதனன் மூக்கு முட்டக் குனிந்து நின்றான்,
அவன் மூச்சில் கண்ணாடி வெளிறியது.
"எத்தினை மீற்றர் எண்டனீ?
திருப்பிச் சொல்லு."

சொன்னேன்.

அவனுக்குப் பின்னால் வரிசையில்
ரியூசனுக்குப் போகிற வழியில் நின்ற ஒரு சின்னன்,
தோளில் பை,
சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி:
"அண்ணை, பத்து நிமிசம் முடிஞ்சுது.
சாத்துங்கோ."