அயோடின்

கவாத்துக்குப் பத்து நாள் முன்னால்
ஒன்பதாம் நம்பர் காட்டில்
மருதை தோண்டித் தருவான்
சுண்டுவிரல் பருமனில் ஒரு வேர்.
குறுக்கே வெட்டி அயோடினில் நனைப்பேன்.
கறுத்தால் கத்தி வைக்கலாம்.
வெளுத்தே கிடந்தால்
இந்த வருஷம் தொடாதே.

வைகாசியில் அதே சாமானை
என் நரம்பில் ஏற்றினார்கள்.
உடம்புக்குள் வெந்நீர் ஓடியது.
படுத்தபடியே மூத்திரம் போய்விட்டேனோ
என்று தடவிப் பார்த்தேன்.
"ஒண்ணுமில்லை, அயோடின்தான்"
என்றது சுவரில் ஸ்பீக்கர்.

இடது கிட்னியின் கீழ்முனையில்
நாலு சென்டிமீட்டர்.
டாக்டர் ஷெரின் ரிப்போர்ட்டைத் திருப்பிப் போட்டு
பின்பக்கம் ஒரு பீன்ஸ் விதை வரைந்தார்,
அடியில் ஒரு வளைகோடு.
"இது போகும். இது நிற்கும்.
வடிகட்டுற கணக்கு இப்போ எழுபத்தி நாலு.
மூணு மாசத்தில் அறுபதில் நிற்கலாம்.
ரத்தத்தை இறுக்கி வைக்கிற நேரம்
இருபது நிமிஷம் தாண்டினால் குறையும்.
சுகர் வேற இருக்கு உங்களுக்கு."

நிற்கலாம் என்றால்?
கேட்டது செல்வநாயகி.
எனக்குக் கேட்க வாய் வரவில்லை.
வருஷா வருஷம் மருதை கேட்பான்,
"துளிர்க்குமா சார்?"
துளிர்க்கும் என்பேன்,
அவன் முகத்தைப் பார்க்காமல்.

ஏழாம் நம்பரில் ஒரு வருஷம்
வேரெல்லாம் மை மாதிரி கறுத்தது.
வெட்டி முடித்ததும் மழை பொய்த்தது.
நூற்றுக்கு நாற்பது செடி
கொம்பாகவே நின்றுவிட்டது.
ரோட்டோரத்தில் ஒரு செடி,
வேர் வெளுத்து, வேண்டாமென்று விட்டது.
புது ஆள் தெரியாமல் வெட்டிவிட்டான்.
அதில் இன்னமும் கொழுந்து கிள்ளுகிறோம்.

டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை.

இறுக்கி வைத்தது இருபத்தாறு நிமிஷமாம்.
டிஸ்சார்ஜ் தாளில் இருந்தது.
அந்த ஆறு நிமிஷத்தை மட்டும்
ராத்திரிகளில் எண்ணிப் பார்த்திருக்கிறேன்,
முந்நூற்று அறுபது வரை,
தூங்காமல்.

இன்றைக்குத் தொண்ணூறாம் நாள்.
கோத்தகிரி மார்க்கெட் மேல் லேபில்
ரத்தம் கொடுத்தாயிற்று.
ரிசல்ட் நாலு மணிக்கு.
வீட்டுக்குப் போகாமல் காட்டுக்கு வந்தேன்.
ஒன்பதாம் நம்பர் மொட்டையாய் நிற்கிறது.
செடிக்கு ஒரு கிளை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்,
மூச்சுக்கு.
நகத்தால் ஒரு கொம்பைச் சுரண்டினேன்.
பச்சைதான். பச்சை மாதிரிதான்.

"எவ்வளவு வரும்னாங்க சார்?"
"அறுபது."
சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.
மருதை தழும்பைப் பார்த்தான்,
வெட்டுவாய் சரியாக இருக்கிறதா என்று
பார்க்கிற பார்வை.
குனிந்தே இருந்தான் ரொம்ப நேரம்.
என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மணி மூன்றே கால்.