பன்னிரண்டாவது மனு

திங்கட்கிழமை.
கலெக்டர் ஆபீஸ் வாசலில்
தண்ணீர் பாட்டிலைத் திறந்து
மோந்து பார்க்கிறார் பெண் காவலர்.
மண்ணெண்ணெய் இல்லை, தண்ணீர்தான்.
முந்தின வாரமும் தண்ணீர்தான்.
"போம்மா" என்கிறார்
கிரேனாப்பின் முகத்தைப் பார்க்காமல்.

நான் வெளியே,
வாகை மரத்தடியில்,
மடக்கு மேசையும் ரெண்டு கார்பன் தாளுமாக.
மனு ஒன்றுக்கு அறுபது ரூபாய்.
அவளுக்கு மட்டும் கடன்;
ஒரே சபை, ஒரே பெஞ்சு வரிசை.

பதினோரு மனு எழுதியிருக்கிறேன் அவளுக்கு.
பதினொன்றிலும் ஒரே வாசகம்:
என் கணவர் அருமைத்துரை
கூடல்நகர் பாதாளச் சாக்கடைக்குள்
இறக்கப்பட்டு இறந்தார்.
கான்ட்ராக்டர் ரிஜிஸ்தரில் அவர் பேர் இல்லை.
ஆஸ்பத்திரிச் சீட்டில் மாரடைப்பு என்றிருக்கிறது.
அவர் இறங்கினார் என்று
எழுதித் தரவேண்டும்.

பதினோரு ரசீது
அவள் மஞ்சப்பையில், ரப்பர் பேண்டு போட்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான்
சபையில் வேதம் வாசிக்கிறவன்.
நீதிபதியைத் தேடித் தேடிப் போன
அந்த விதவையின் கதையை
வருஷம் ஒருமுறையாவது வாசித்திருப்பேன்.
நீதிபதி கடவுள்,
விதவை நம்முடைய ஜெபம்,
சலிக்காமல் கேட்டால் கிடைக்கும்.
எங்கள் அப்பா காலத்து உபதேசியார்
இப்படித்தான் சொன்னார்.
நானும் தலையாட்டிவிட்டு
மறுநாள் மரத்தடிக்கு வந்து
பேனாவைத் திறப்பேன்.

போன புதன்,
மேலவாசல் குடியிருப்பில்
மூன்றாம் மாடி ரெஜினாள் வீட்டில்
வேத வாசிப்பு.
கீழே குப்பை வண்டிகளைக் கழுவுகிற சத்தம்.
விடிகாலை நாலு மணிக்கு எழுந்த பெண்கள்
சுவரில் சாய்ந்து பாதித் தூக்கத்தில்.
ஆயரம்மா ஜெயசீலி
அந்தக் கதையை வாசித்துவிட்டுக் கேட்டார்:
"இதுல சாமி யாரு?"

நான்தான் முதலில் சொன்னேன், நீதிபதி என்று.
வாசிக்கிறவன் அல்லவா.

கிரேனாப்பு நிமிரவில்லை.
ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டே,
"நீதிபதி எங்கண்ணே அலைஞ்சாரு?
அவரு ஏசி ரூம்புல இருந்தாரு.
அலைஞ்சது அந்தப் பொம்பள.
வெயில்ல நின்னது, கேட்ல விரட்டுப்பட்டது,
மறுபடி வந்தது எல்லாம் அவதான்.
சாமி எந்தப் பக்கம் இருந்திருக்கும்?"

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.
ரெண்டு பேர் குடத்தோடு எழுந்து ஓடினார்கள்.

அவர்கள் திரும்பி வந்த பிறகுதான்
ஆயரம்மா மெல்லச் சொன்னார்:
நீதிபதி பயந்தது
அவள் தொந்தரவுக்கு மட்டும் இல்லையாம்.
மூல பாஷையில் அந்தச் சொல்லுக்குக்
கண்ணுக்குக் கீழே குத்து விடுவது
என்று அர்த்தமாம்.

"ஆத்தி!" என்றாள் ரெஜினாள்.
அறை முழுக்கச் சிரிப்பு.
அருமைத்துரை செத்து இரண்டரை வருஷம்;
கிரேனாப்பு சிரித்து நான் பார்த்தது
அன்றைக்குத்தான்.
"அப்ப குத்தணுங்கிறீங்களாம்மா?"
"நான் ஒண்ணும் சொல்லலை,
அதுல இருக்கு" என்றார் ஆயரம்மா
டீ கிளாசுக்குள் பார்த்தபடி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
இத்தனை நாள்
ஏசி அறைக்குள் இருந்தவரையா
கும்பிட்டேன்?

இன்றைக்குப் பன்னிரண்டாவது.
வழக்கம்போல ஆரம்பித்தேன்:
தாழ்மையுடன் சமர்ப்பிக்கும்
"அந்த மொத வார்த்தை என்னண்ணே?"
தாழ்மையுடன்.
"பதினொண்ணுலயும் இருக்கா?"
இருக்கு.
"எடுத்துருங்க."

எடுத்தால் வாங்கமாட்டார்கள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
முப்பது வருஷத்தில்
அந்தச் சொல் இல்லாமல்
ஒரு மனுவும் எழுதியதில்லை நான்.
புதுத்தாள் எடுத்தேன்.
கார்பனைச் சரிசெய்தேன்.
அவள் பேரில் தொடங்கினேன்.

எழுதிக் கெடுத்த தாளை
நாலாக மடித்து
ஆடுகிற மேசையின் காலுக்கடியில் வைத்தேன்.

இப்போது அவள் உள்ளே.
வரிசை நகர்கிறதா, தெரியவில்லை.
காவலர் அடுத்த பாட்டிலை மோந்து பார்க்கிறார்.

உசிலம்பட்டியிலிருந்து வந்தவர்
எதிரே குத்தவைத்து உட்கார்ந்து
பட்டா விவரம் சொல்லத் தொடங்குகிறார்.
"எழுதுங்க சார்."
பேனா தாளைத் தொட்டு
முதல் சொல்லில் நிற்கிறது.