மீட்டரில் 9,412

நாற்பத்து மூன்று வருடத்தில்
இவ்வளவுதான் ஓடியிருக்கிறது இந்தச் சிவப்பு லொறி.
நான் வேலைக்குப் போய்வருகிற தூரம் அது,
ஐந்து மாதத்துக்கு.

"ஓடாத வண்டி வாங்கக் கூடாது" என்றாள் சாருமதி.
"ஓடின வண்டி வாங்கக் கூடாதெண்டு
போன கிழமைதானே சொன்னீர்?"
பதில் இல்லை.
குனிந்து டயரைத் தடவிக்கொண்டிருந்தாள்.
பள்ளமெல்லாம் புதுசு, பக்கமெல்லாம் வெடிப்பு.
நடக்காமலே வயதுபோன கால்.

நீடர்ஷைட். ஐஃபல் மலையின் ஒரு மடிப்புக்குள்
நாற்பது வீடு, ஒரு தேவாலயம்,
தீயணைப்புக் கொட்டகை.
தொண்டர் படைக்குப் புது வண்டி வந்துவிட்டது,
பழையது விலைக்கு.
சாவி வைத்திருந்த எவால்ட் கெர்பன்
விற்கிறவர்போல் பேசவில்லை.
துருவைத்தான் முதலில் காட்டினார்.
பிறகு, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கப் போடுகிற நெம்புகோலை:
"இரண்டு தடவைதான் போட்டோம்.
ஒரு தடவை பனியில்.
ஒரு தடவை பந்தயம் கட்டி."

ஓட்டப் பதிவேட்டை நான் சத்தமாக வாசித்தேன்.
பயிற்சி, ஆறு கிலோமீட்டர்.
பயிற்சி, ஆறு.
வைக்கோல் கொட்டில், நான்கு.
நிலவறையில் வெள்ளம், இரண்டு.
பயிற்சி, ஆறு.
தலைவர் கல்யாணம், பதினொன்று
(பக்கத்தில் வேறு கையெழுத்து: சாரதி குடிக்கவில்லை).
பூனை, ஒன்று.
பயிற்சி.
"ஊருக்கு நல்ல காலம்" என்றேன்.
அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

1991 மார்ச் 3. தூரம்: பூச்சியம்.
பம்ப் மட்டும் ஒன்பது மணிநேரம்.
"எழுத மறந்துவிட்டார்களோ?"
எவால்ட் திறந்த கதவுக்கு வெளியே நாடியால் காட்டினார்.
தெருவுக்கு எதிரே
போத்தல் போடுகிற பச்சைத் தொட்டி மூன்று,
சுற்றிவரப் புல்.
"வண்டியை எடுக்கத் தேவைப்படவில்லை.
இங்கிருந்தே குழாய் எட்டியது."
துருவைப் பற்றி இன்னொரு தரம் சொன்னார்.

விலை பேச வந்த என் வாய் பேசவில்லை.
சாருமதி பேசினாள்,
முன்னூறு யூரோ குறைத்தாள்.
கண் கலங்கினாலும் கணக்குக் கலங்காது அவளுக்கு.

நீல விளக்குக்குக் கறுப்புக் குப்பைப்பை போட்டு
ஒட்டுநாடாவால் சுற்றினோம், சட்டம்.
என் லைசென்ஸ் இன்னமும் ரோசா நிறக் கடதாசி.
படத்தில் இருக்கும் மெலிந்த பெடியன்
ஏழரைத் தொன் ஓட்டலாம் என்று
ஜெர்மனி அன்றைக்கே எழுதித் தந்தது.
நான்தான் இவ்வளவு காலம் கேட்டு வாங்கவில்லை.

இறக்கத்தில் 9,413 புரண்டது.
எண்பதைத் தாண்டாது.
எஞ்சின் இரைச்சலில் சாருமதி ஏதோ சொல்வதும்
தானே சிரிப்பதும் தெரிந்தது, கேட்கவில்லை.

மாயன் சந்தியில் சிவப்பு விளக்கு.
முன்னால் நின்ற சின்ன வெள்ளைக் கார்
கண்ணாடியில் எங்களைக் கண்டு
அரைவாசி நடைபாதையில் ஏறி ஒதுங்கியது.
அதற்கு முன்னால் நின்றதும்.
அதற்கும் முன்னால் நின்ற பால் லொறியும்.
சாருமதி கண்ணாடியை இறக்கிக் கை ஆட்டினாள்:
இல்லை, இல்லை, நீங்கள் போங்கோ,
ஒரு இடமும் எரியவில்லை.
தமிழில் சொன்னாள்.
ஒருவரும் அசையவில்லை.

விளக்குப் பச்சையாகியது.
எங்களுக்கென்று விட்ட அந்தத் தெருவில்
வெட்கத்தோடு,
இரண்டாம் கியரில் போனோம்.