நிமிடத்துக்கு நாற்பத்தைந்து

மின்சார சபையில் மீற்றர் வாசிப்பது என் வேலை.
கந்தர்மடம், அரசடி, பழம் வீதி,
மாதம் ஒருக்கால் எல்லா வீட்டுச் சுவரோடும்
முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன்.
கண்ணாடிக்குள் அலுமினியத் தட்டு சுற்றும்.
விளிம்பில் ஒரு கறுப்புப் பொட்டு.
பொட்டு ஓடினால் உள்ளே ஃபிரிட்ஜ்,
நடந்தால் ஒற்றை பல்ப்,
நின்றால் ஆட்கள் கொழும்புக்குப் போயிருக்கினம்.

அந்தக் குழுவின் பெயரைச் சொன்னால்
உங்களுக்கும் தெரியும். சொல்லமாட்டேன்.
எனக்கு வேண்டியது
பெயர் பெரிதாக முதல்
நாலு பெடியளும் கடன் கிற்றாரோடு அலைந்த காலத்தில்
விட்ட ஐந்து சின்னத் தட்டுகள்.
பக்கத்துக்கு ஒரு பாட்டு.
பிறகு வந்த எந்தப் பெரிய தட்டிலும்
அந்தப் பத்துப் பாட்டுக்கும் இடம் கிடைக்கவில்லை.
வழக்கு என்பார் ஒருவர்.
வெட்கம் என்பார் இன்னொருவர்.

முதலாவது சுண்டிக்குளியில்,
ஒரு பாதிரியார் வீட்டு ஏலத்தில்,
ஞானப் பாட்டுகளுக்கு நடுவே ஒளித்துக் கிடந்தது.
இரண்டாவது தபாலில். சுங்கத்தில் மூன்று கிழமை.
"இது என்ன?"
"தட்டு."
"சாப்பிடுறதோ?"
மூன்றாவதில் ஆழமாய் ஒரு கீறல்.
நாலாவதின் உறையில் யாரோ எழுதியிருந்தான்:
றொபின்சன், இதைத் திருப்பித் தா.
றொபின்சன் கொடுக்கவில்லை. நானும்.

ஐந்தாவது
ஊறுகாய்ச் சாடிக்கு மூடியாய் இருந்தது.

கந்தர்மடம். மீற்றர் இலக்கம் முடிவது 704 இல்.
சுகிர்தமலர், மக்கள் வங்கியில் காசாளராய் இருந்தவ.
வெயிலில் சாடி, வாயில் துணி,
துணியின் மேல் கறுப்பு வட்டம், நடு ஓட்டைக்கு மெழுகு.
லேபல் புளித்து உரிந்து
எண் மட்டும் மிச்சம்.
அந்த எண்ணை
என் இரத்த வகையைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

"எத்தினை யூனிற் தம்பி?" என்றா.
நான் வாசித்தது மூடியை.

"கொண்டுபோம். அளவாய் வேற மூடி ஒண்டு தாரும்" என்றவ
போகவிடாமல் சொன்னா:
கறண்ட் இல்லாத அந்த வருஷங்களில்
அண்ணன் நவநேசன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக்
கையால் பெடலைச் சுற்றுவாராம்.
டைனமோவிலிருந்து இரண்டு வயர், தட்டு பாடும்.
"இருந்தது இந்த ஒண்டுதான்.
நடுவில அவருக்குக் கை உளையும்.
அப்ப பாடுறவனுக்கும் உளையும்."
பாடியும் காட்டினா,
சரிந்து, தடித்து, பிறகு திடுக்கிட்டு எழும்பும் குரலில்.
அண்ணன் இப்போது ஸ்காபரோவில்.
இரண்டு தோளிலும் ஆபரேஷன்.

சவர்க்காரம், பூத்தூரிகை, ஒரு முழு ஞாயிறு.
அடுத்த மாதம் பில் புத்தகத்தோடு
பிளேயரையும் காவிப் போனேன்.
மோட்டருக்கு அவவின் பிளக். ஸ்பீக்கருக்கு என் பட்டரி.
முதலில் உப்புப் பாடியது.
பிறகு அவர்கள்,
நிமிடத்துக்கு நாற்பத்தைந்து, மயிரிழை பிசகாமல்.
என் முழங்கையெல்லாம் புல்லரித்தது.

அவ தலையைச் சரித்துக் கேட்டா.
"நல்லாத்தான் கிடக்கு. ஆனா இது அது இல்லை.
இவன் அவசரக்காரன்."
எண்ணைக் காட்டினேன். பார்க்கவில்லை.

அப்போது போச்சு கறண்ட்.
(என்னை ஏன் பார்க்கிறீர்கள், நான் வாசிக்கிறவன் மட்டும்.)
மோட்டர் கைவிட
தட்டு தன் பாரத்தில் சுற்றியது.
குரல் இறங்கிப் பெடியன் ஆம்பிளையானான்,
ஆம்பிளை எருமையானான்.
அவ கையை உயர்த்தினா, ஒருத்தரும் கதைக்கவேண்டாம் என்பதுபோல.
"ஆ. இதுதான்.
இந்த இடத்தில அண்ணன் கை மாத்துவார்."

காத்துக்கொண்டிருந்தா.

சேர்க்கிறவன் தட்டில் விரல் வைக்கமாட்டான்.
நாலு தட்டையும் விளிம்பில் பிடித்தே
முப்பது வருஷம் போய்விட்டது.
புளித்த லேபலில் விரலை ஊன்றிச் சுற்றினேன்.

"கெதிப்படுத்தாதேயும்" என்றா.