நாற்பத்தோராவது கலம்

நாற்பது கலங்கள் இறந்தன, ஒரே விதமாய்.
பீங்கான் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தால்
மயிரிழையாய் ஒரு கறுப்புக் கோடு,
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்வரை.
திடச் சோடியம் ஊசியாய் வளரும்.
ஊசிக்கு ஒரு விரிசல் போதும்,
மிச்ச வழியை அதுவே குத்திக்கொள்ளும்.

ஹாலிஃபாக்ஸில் ஜனவரி.
துறைமுகத்தின்மேல் பனி சாய்வாக விழுகிறது.
ஆர்கான் பெட்டிக்குள் என் இரண்டு கைகள்,
தடித்த ரப்பருக்குள் வேறு யாருடையவோ போல.
சோடியமும் பொட்டாசியமும் தனித்தனியே திடம்,
உரசவிட்டால் இரண்டும் இளகி ஓடும்.
"சேர்ந்தபின் யார்தான் கெட்டியாய் இருந்தார்கள்?"
என்பாள் ஃபியோனா மக்கைசக்,
இருமுறை விவாகரத்தானவள்.

ஊசியாய் நிமிர நீர்மத்துக்கு முதுகெலும்பில்லை.
அதற்காகத்தான் இது வேண்டும் எங்களுக்கு.
ஆனால் தகட்டின்மேல் விட்டால்
உருண்டு திரண்டு நிற்கிறது,
செருப்பைக் கழற்றாமல்
வாசலோடு பேசிப்போகும் விருந்தாளி.
பெட்டிக்கு வெளியே கொட்டுவது
ஊருக்குப் பனி,
இந்தத் துளிக்கு நெருப்பு.

புகைக்கரி கொஞ்சம் சேர்த்து
மை குழைப்பதுபோல் குழைத்தேன்.
வெள்ளி மங்கிச் சாந்தாயிற்று.
தூரிகையால் இழுத்தேன்.
படிந்தது.
இந்த ஒரு சொல்லைக் குறிப்பேட்டில் எழுத
எட்டு மாதம்.

ஒன்பதாம் நாள் இரவு, புயலில் மின்சாரம் போயிற்று.
மின்கலம் செய்கிற இருவர்
கைபேசி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம்,
அதிலும் நாலு சதவீதம்தான் மிச்சம்.
மைனஸ் பன்னிரண்டுவரை இது உறையாது என்று
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்,
எங்களைப் பற்றிச் சொல்வதுபோல்.

விடியுமுன் திரை எரிந்தது.
விட்ட இடத்திலிருந்து கோடு தொடர்ந்தது,
மேடில்லை, பள்ளமில்லை.
மருத்துவமனையில் இப்படியொரு கோட்டைக் கண்டால் அழுவார்கள்.
நாங்கள் டோனட் வாங்கப் போனோம்.

அறுநூற்றுப் பதினோராம் மணியில் அதுவும் இறந்தது.
பிரித்தேன். தகட்டைச் சன்னலுக்கு நேரே பிடித்தேன்,
தேடினேன், திருப்பிப் பிடித்துத் தேடினேன்.
கோடில்லை.
ஓரத்தில் அடைத்திருந்த ரப்பர் வளையம்
ஒரு நகக்கண் அளவு வெடித்திருந்தது,
காற்று புகுந்திருக்கிறது.
கடையில் முப்பது சென்ட் பெறும்.

"காரணம்" என்ற கட்டத்தில்
"வளையம்" என்று எழுதும்போது
எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.
ஐம்பது வளையத்துக்கு ஆர்டர் போட்டுவிட்டு
நாற்பத்திரண்டுக்குக் கரியை நிறுத்தேன்.