ஆறாவது பூட்டு

இரவு ஒன்று நாற்பது.
மாடியில் கொழுந்து வாடி முடிந்து
ஆப்பிள் வாசம் இறங்குகிறது.
கீழே ரோட்டர்வேன்
தின்னாமல் வாய் திறந்து நிற்கிறது.

மெயின் சுவிட்சின் கழுத்தில் ஒரு கொளுக்கி,
கொளுக்கியில் ஆறு துளை.
பேரிங் மாற்றி முடித்ததும்
அவரவர் பூட்டை அவரவர் கழற்றினோம்.
ஐந்து போயிற்று.
ஆறாவது தொங்குகிறது:
ரோஸ் நெய்ல்பாலிஷ் பூசிய சின்னப் பூட்டு.
மகளின் பாலிஷாம்.
மரியநேசன்.

நேசா!
பதிலில்லை.

டீமேக்கர் அபேகோன் வந்தார்,
கம்பளித் தொப்பி காதுவரை.
"வெட்டு. இன்னும் அரைமணி போனா
கொழுந்து புளிச்சிடும்.
நாலாயிரம் கிலோ. யார் பதில் சொல்றது?"
ஹெக்சோ பிளேட் என் கையில்தான் இருந்தது.

சுவிட்சை அணைத்தால் மெசின் செத்தது என்று நினைக்கிறவன்
பெக்டரிக்குப் புதிசு.
இழுபட்ட ஸ்பிரிங்குக்குள் ஓர் உதை
விடியும்வரை காத்துக்கிடக்கும்.
ரோலர் மூடியை மேலே தூக்கி விட்டிருந்தால்
அந்த உயரமே ஒரு கத்தி.
டிரையர் ராமுழுக்க சூட்டை அடைகாக்கும்.
வாட்டுத் தொட்டியின் காற்றாடி
கரண்ட் போன பிறகும் தன்பாட்டில் சுற்றும்,
சண்டை முடிந்தும் முணுமுணுக்கிறவர் மாதிரி.
அதனால்தான் பூட்டிய பிறகும்
ஸ்டார்ட் பட்டனை ஒருதரம் அமுக்கிப் பார்ப்போம்,
ஒன்றும் கேட்கவில்லை என்பதைக்
காதுகொடுத்துக் கேட்போம்.

வாசலில் ரோதைமுனி.
வருசத்துக்கு ஒரு சேவல்.
அதற்கு மேலும் எடுத்துக்கொண்ட வருசங்கள் உண்டு.
பரமானந்தம் இடதுகையால் கொழுந்து நிறுக்கிறார்;
வலதுகை எங்கே என்று யாரும் கேட்பதில்லை.
அன்றைக்கும் ஒருவர் சொன்னாராம்,
உள்ளே ஆள் இல்லை, போடு என்று.

பிளேட்டைக் கீழே வைக்கவில்லை.
பூட்டிலும் வைக்கவில்லை.
"ஆளக் காட்டுங்க சேர். பொறகு வெட்டுறேன்."

தேடினோம்.
ரோட்டர்வேன் வாய்க்குள் டோர்ச் அடித்து,
தொட்டிக்கு அடியில் காற்றுப் போகும் பொந்தில் தவழ்ந்து,
டிரையர் முதுகில், சல்லடைத் தட்டுக்குக் கீழே.
இரும்புத் துவாரம் ஒவ்வொன்றுக்குள்ளும்
அவன் பேரைக் கூப்பிட்டோம்.
இரும்பு அதையே திருப்பித் தந்தது.
அபேகோன் தொப்பியைக் கழற்றினார்,
முட்டிபோட்டார்,
நேசங், நேசங் என்று
தன் நாக்கில் வந்தபடி கூப்பிட்டார்.
அதன்பின் வெட்டச் சொல்லவில்லை.

சின்னையாபிள்ளை பனியில் ஓடினான் லயத்துக்கு.
மூன்றாம் வரிசை, ஐந்தாம் காம்பரா.
கதவு திறந்தவள் புஷ்பலீலா.
உள்ளே நேசன்
கன்னம் பன்னாகி வீங்க
மாத்திரை போட்டுத் தூங்குகிறான்.
பதினொன்றரைக்கு வலி தாங்காமல்
சொல்லாமல் வந்துவிட்டான்.
சாவி காற்சட்டையில்.
காற்சட்டை சோப்புத் தண்ணீர் வாளியில்.

மூன்று பத்துக்கு வந்தான்,
துவாலையால் தாடையைக் கட்டிக்கொண்டு,
சாவியில் நுரை சொட்ட.
பூட்டைப் போட்டுவிட்டு ஆள் போகக்கூடாது என்று
நாளைக்கு ஏசுவார்கள். ஏசத்தான் வேண்டும்.
அந்த நேரம் யாரும் ஏசவில்லை.
ஒருத்தன் அவன் தோளை
உள்ளதுதானா என்று பார்க்கிறவன்போல்
இரண்டுதரம் தொட்டான்.

என் உள்ளங்கையில்
பிளேட்டின் பல்வரிசை அச்சாகியிருந்தது.
கொழுந்து கொஞ்சம் புளித்துத்தான் போனது.

அபேகோன் பதிவேட்டை விரித்தார்.
ரோட்டர்வேன் நின்ற நேரம்: 1.40 முதல் 3.10.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
பிறகு எழுதினார்:
பல்வலி.

ஆட்களை எண்ணினார். ஆறு.
சரி, போடு என்றார்.