பயன்பாட்டில் உள்ளவை

புதுவயல் பேரூராட்சி, பூங்கா எண் ஒன்று.
படிவத்தில் 'வரலாறு' என்ற கட்டம்
தீப்பெட்டி அளவு.
நான் எழுதியது: ஊருணி. தூர்ந்தது.

தூர்ந்ததா, தூர்த்ததா
என்று செயல் அலுவலர் கேட்கவில்லை.
எழுபத்தொன்பதில் அடைக்கப்பன் பங்காளிகள்
வழக்கு முடிந்து வீட்டைப் பிரித்தபோது
தேக்கு ஒரு லாரியில் போனது,
கண்ணாடியும் கதவும் இன்னொன்றில்.
யாரும் விலை கேட்காத காரையும் செங்கல்லும்
மாட்டுவண்டியில் இங்கே வந்தன.
நானூற்றுப் பன்னிரண்டு நடை என்கிறது
பீரோவுக்குள் கறையான் மிச்சம் வைத்த ரசீது.
மேலே செம்மண். அதற்கும் மேலே அருகம்புல்.
பிறகு திறப்புவிழாக் கல்,
அதில் கொத்தியவர் ஒரு கால் விட்டுவிட
இன்றுவரை 'பூங்க'.

வசதிகள்:
துதிக்கை வழியே இறங்கும் யானைச் சறுக்கு,
காது ஒன்று குறைவு.
கூழாங்கல் பதித்த எட்டு;
சர்க்கரைக்காரர்கள் விடியுமுன் வந்து
பாதத்தால் அதையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்.
வானொலி அறை, பூட்டு மட்டும் புதிது.
பெஞ்சு பதினொன்று.
பதினொன்றிலும் அரிசி ஆலைகளின் உமிச்சாம்பல்,
ஓரத்துப் பெஞ்சில் முந்தானை துடைத்த
ஓராள் இடம் தவிர.

அது சொர்ணவல்லியின் இடம்.
நெற்களத்திலிருந்து மதியத்துக்கு வருவாள்,
வாளியைத் திறக்கும் முன்
கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றியிருப்பாள்.
புல்லுதானே, எதுக்கு என்றேன்.
"கீழ தண்ணி கெடக்குல்ல" என்றாள்,
ஊறுகாயைத் தேடிக்கொண்டே.

கார்த்திகையில் மூன்று இரவு கொட்டியது.
காலையில் யானை முழங்காலளவு நீரில் நின்றது.
எட்டைக் காணோம்.
பள்ளிக்கூடம் விடுமுறை என்று தெரிந்த பிள்ளைகள்
துதிக்கை வழியே நேராகத் தண்ணீருக்குள் போனார்கள்,
ஒருவன் சட்டைப்பையில் தவளை.
நடைக்கு வந்த லெக்குமணன் சார்
கரையில் நின்று
"நமக்கும் லீவு" என்று திரும்பினார்.

மோட்டார் வைத்தோம். டீசல் தீர்ந்தது,
தண்ணீர் தீரவில்லை.
டேப்பைப் பிடித்து அளந்தேன்.
நீளத்துக்குக் கட்டம் இருக்கிறது, அகலத்துக்கு இருக்கிறது.
ஆழத்துக்கு இல்லை.

அது வடிய இருபது நாள்.
தெற்குவேலி ஓரம் மண் கரைந்து
நீளமாய் ஒரு கருங்கல் வெளியே தெரிந்தது,
நடுவில் குடம் வைத்த குழி.
மேல்படி. இதற்குக் கீழே எத்தனையோ.

அடுத்த மாதம் திருத்திய படிவம் அனுப்பினேன்.
பெஞ்சு: பன்னிரண்டு.
பன்னிரண்டாவதில் சொர்ணவல்லி
வாளியைக் குழியில் வைத்துத்
திறந்துகொண்டிருந்தாள்.